ஒன்பதாவது குண்டு இறங்க மறுக்கிறது: மாட்டுக் கொழுப்பு இல்லாத மசகு உண்டா?

வர்ஜீனியா மைனா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறேன். போன வருடம் பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியான 1853-ஆம் வருட மாதிரி என்ஃபீல்டின் புதுப் பிரதி ஒன்றை வாங்கினேன். முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. சுடத் தீப்பொறி தருவது 'கேப்' என்ற சின்ன உலோக மூடி. 39 அங்குலக் குழல், உள்ளே மூன்று முறுக்குப் புரிகள். ஈயத்தை நானே உருக்கி அச்சில் வார்க்கிறேன். அடியில் குழிவான மினியே குண்டு, சுற்றிலும் மூன்று வரிப்பள்ளங்கள்.

முதல் ஐந்து குண்டுகள், அவற்றை உள்ளே தள்ளும் கஜக்கோலின் எடைக்கே இறங்கிவிடுகின்றன. ஆறாவதை அழுத்தவேண்டும். போன சனிக்கிழமை ஒன்பதாவது குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சுடும் திடலின் பொறுப்பாளர் ஓடி வந்து, "கேப்பை வைக்காதே, துப்பாக்கியைக் கீழே வைக்காதே, வாய் திடலைப் பார்த்தே இருக்கட்டும்" என்றார். திருகு முனையுள்ள கம்பியை ஈயத்துக்குள் செலுத்தி வெளியே இழுக்க இருபது நிமிடங்கள் ஆயின. கை நடுக்கம் அடங்க அதற்கு மேலும் நேரம் பிடித்தது.

வரிப்பள்ளங்களில் இதுவரை கார் சக்கரத்துக்குப் போடும் கிரீஸைத்தான் பூசி வந்தேன். இங்கே எல்லாரும் மாட்டுக் கொழுப்பையும் தேன்மெழுகையும் கலந்து பூசச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது அடுப்பேற முடியாது. அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கும் மனம் ஒப்பவில்லை. கொழுப்பே இல்லாமல் ஒரு மசகு செய்ய வழி இருக்கிறதா? அல்லது இந்தத் துப்பாக்கிக்கு அது கூடாத காரியமா?

---

பழைய புரி எழுதியது:

தம்பி, முதலில் அந்தத் திடல் பொறுப்பாளருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்காராமல் நடுவில் இடைவெளி விட்டு நின்றால் ஒருபோதும் சுடக்கூடாது. குழல் அந்த இடத்தில் வீங்கும், வெடிக்கவும் கூடும். கஜக்கோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அளவு மருந்தும் குண்டும் சரியாக இறங்கிய நிலையில் அந்தக் கோடு குழல் வாயோடு நிற்கவேண்டும். நான் இங்கிலாந்தில் பிஸ்லி திடலில் இருபது வருடங்களாகச் சுடுகிறேன். இன்றும் ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கோட்டைப் பார்க்காமல் கேப்பை எடுப்பதில்லை.

இனி உங்கள் கிரீஸ். மசகு என்றால் ஈயம் வழுக்கிக்கொண்டு போவதற்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன். குண்டு வழுக்குவது அதன் சின்ன வேலை. பெரிய வேலை கசடைப் பதமாக வைத்திருப்பது.

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், எரியாத கரி. அதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியே போய்விடும். மீதி குழலின் சுவரில் படிகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது குழைந்து கிடக்கும். வெயில் ஏறி, குழலும் சூடானால் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும். இறுகிய ஓட்டின் மேல் அடுத்த ஓடு. உங்கள் ஒன்பதாவது குண்டு நின்றது அந்த ஓட்டில்தான்.

குண்டின் வரிப்பள்ளத்தில் இருக்கும் மசகு, சுடும்போது குழல் நெடுகப் பூசப்பட்டு, இந்தக் கசடோடு கலந்து அதை இறுகவிடாமல் வைக்கவேண்டும். அடுத்த குண்டு இறங்கும்போது அந்தக் குழைந்த கசடைத் தானே வழித்துக்கொண்டு கீழே போகும். பெட்ரோலியத்திலிருந்து வரும் கிரீஸ் இந்த வேலைக்கு ஆகாது. கருமருந்தின் சூட்டில் அது கசடோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடுகிறது. சுட்டபின் வெந்நீர் விட்டுக் கழுவும்போது கறுப்புத் துணியில் வெந்நீருக்கும் அசையாத பிசின் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமே, கவனித்தீர்களா?

விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு மூன்றும் கருமருந்தோடு ஒத்துப்போகும். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: உண்டு. மாட்டுக் கொழுப்பு இல்லாமல் தாராளமாகச் செய்யலாம். இங்கே பலர் நூறு பங்கில் ஐம்பது பங்கு தேன்மெழுகு, நாற்பது பங்கு க்ரிஸ்கோ, பத்துப் பங்கு கனோலா எண்ணெய் என்று கலக்கிறார்கள். க்ரிஸ்கோ இன்று முழுக்கத் தாவரக் கொழுப்புதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உப்புச் சேர்ந்த எதையும் போடாதீர்கள். உப்பு வெண்ணெய் பூசி ஒரே வாரத்தில் குழலைத் துருவேற்றியவரை எனக்குத் தெரியும்.

---

வர்ஜீனியா மைனா எழுதியது:

ஐயா, கோடி நன்றி. அந்தக் கறுப்புப் பிசின் நூற்றுக்கு நூறு உண்மை. துணியில் மட்டுமல்ல, என் கைநகத்திலும் இரண்டு நாள் இருந்தது. ஒரு சந்தேகம்: குண்டின் அடிக்குழிவிலும் மசகை நிரப்பவேண்டுமா? சிலர் நிரப்பச் சொல்கிறார்கள்.

---

பழைய புரி எழுதியது:

நான் நிரப்புவதில்லை. அந்தக் குழிவு மருந்தின் அழுத்தம் உள்ளே புகுந்து ஈயத்தை விரித்துப் புரியில் பதிக்கத்தான் இருக்கிறது. அதில் மசகு இருந்தால் வெயில் நாளில் அது உருகி மருந்தில் இறங்கும், மருந்து நமுத்துப்போகும். உங்கள் ஈயம் கலப்பில்லாததுதானா என்றும் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழவேண்டும். கடினமான ஈயம் விரியாது. விரியாத குண்டுக்கு எந்த மசகும் உதவாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். மசகு உருக்கும் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

---

கொம்புத்தேன் எழுதியது:

எனக்குத் துப்பாக்கி தெரியாது, மெழுகு தெரியும். கொல்லிமலைப் பக்கம் தேனீ வளர்க்கிறேன். மெழுகு என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன்.

கடையில் தேன்மெழுகு என்று விற்பதில் பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு கலந்தது உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து பாருங்கள். நல்ல மெழுகு முதலில் முரண்டு பிடித்து, பிறகு களிமண் மாதிரி இழைந்து வரும், ஒட்டாது. பாரஃபின் அதிகமானால் செதில் செதிலாக உதிரும். மணமும் காட்டிக்கொடுக்கும். பழைய அடையின் மெழுகில் தேனும் மகரந்தமும் கலந்த ஒரு வாடை கடைசிவரை போகாது.

அடையாகவே கிடைத்தால் துணிப்பையில் கட்டி, கல்லைக் கட்டி வெந்நீரில் அமிழ்த்துங்கள். மெழுகு கசிந்து மேலே மிதக்கும். ஆறவிட்டால் தட்டு மாதிரி உறையும். அதைத் திருப்பினால் அடியில் பழுப்பும் சாம்பலுமாக ஒரு வண்டல் ஒட்டியிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி ஒருமுறை உருக்குங்கள். குழலுக்குள் போகும் பொருள் என்கிறீர்கள், அந்த வண்டல் அங்கே போகக்கூடாது.

நேரடியாக நெருப்பில் வைக்கவே வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகிவிடும், கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடவேண்டும். என் தாத்தா கை முழுக்கத் தழும்போடு வாழ்ந்தவர். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தேங்காயெண்ணெய் கலப்பதென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது 24 டிகிரியிலேயே இளகிவிடும். குளிர்காலத்துக் கலவை கோடையில் நிற்காது. வெயில் ஏற ஏற மெழுகின் பங்கைக் கூட்டுங்கள்.

---

ஏட்டுப்பூச்சி எழுதியது:

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது. மைனா கேட்ட கேள்வியைத்தான், அதே மாதிரித் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம்மில் சிப்பாய்கள் கேட்டார்கள். "இதில் பூசியிருப்பது என்ன கொழுப்பு?"

அன்றைய தோட்டா காகிதத்தால் ஆனது. ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் ஈயக்குண்டு. குண்டு இருக்கும் பக்கம் காகிதத்தின் வெளிப்புறத்தில் கொழுப்பு தடவியிருக்கும். மருந்துப் பக்க முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, காகிதத்தோடு குண்டைக் குழலின் வாயில் செருகி, மிச்சக் காகிதத்தைக் கிழித்தெறியவேண்டும். குண்டில் வரிப்பள்ளமே கிடையாது. மசகைச் சுமந்ததே அந்தக் காகிதம்தான்.

எந்த விலங்கின் கொழுப்பு என்று கேட்டபோது அதிகாரிகளால் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த கொழுப்பு. ஆட்சேபத்துக்குரியது கலக்காமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏற்பாடு எதையும் செய்யவில்லை என்று படைக்கலத் துறையே ஒப்புக்கொண்டது. பசுவென்றால் இந்துவுக்கு ஆகாது, பன்றியென்றால் முஸ்லிமுக்கு ஆகாது. இதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே, 1853 டிசம்பரில், படையின் தலைமை நிர்வாக அதிகாரி கர்னல் டக்கர் எச்சரித்திருந்தார்: இந்தக் கொழுப்பு சாதி, மத வழக்கத்துக்கு இடையூறானதல்ல என்று உறுதியாகத் தெரியும்வரை ஐரோப்பியப் படைகளிடம் மட்டுமே சோதித்துப் பாருங்கள் என்று. அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் கிடைக்கவில்லை.

என் மனத்தை வருத்துவது இதுதான். பிரச்சினை எழுந்த பிறகு, ஜனவரி இறுதியிலேயே, தோட்டாக்களைக் கொழுப்பில்லாமல் கொடுத்துவிடலாம், சிப்பாய்கள் கடைத்தெருவில் தங்களுக்கு ஏற்றதை வாங்கித் தாங்களே பூசிக்கொள்ளட்டும் என்று அரசு அனுமதித்தது. பிறகு கடிக்காமல் கையால் கிழிக்கும்படி பயிற்சியையும் மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. பராக்பூரில் காகிதத்தின் பளபளப்பைப் பார்த்தே இதிலும் கொழுப்பு இருக்கிறது என்றார்கள்.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் தோட்டாக்களின் மசகு தேன்மெழுகு மேலோங்கிய கலவையாக மாறியது. வெப்ப நாட்டில் விலங்குக் கொழுப்பு உருகி ஓடிவிடுகிறது, மெழுகு நிற்கிறது. கொம்புத்தேன் ஐயா மேலே சொன்னாரே, அதே காரணம். ஆக, சிப்பாய்களின் மனத்துக்கு ஏற்ற பொருள்தான் இந்திய வெயிலுக்கும் ஏற்ற பொருளாக இருந்தது. வேண்டாத கொழுப்பைக் குறைத்து மெழுகைக் கூட்டியிருந்தால் துப்பாக்கியும் நன்றாகச் சுட்டிருக்கும்.

---

தெற்குவாசல் எழுதியது:

ஏட்டுப்பூச்சி அண்ணா, தகவல்கள் எல்லாம் சரி, ஆனால் முடிவு என்னை உறுத்துகிறது. மெழுகைக் கூட்டியிருந்தால் 1857 நடந்திருக்காது என்ற பொருள் தொனிக்கிறது. மீரட்டில் ஏப்ரல் 24-ஆம் தேதி 3-ஆவது குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்களே, அவர்கள் முன்னால் வைத்தது என்ஃபீல்டு தோட்டாவே அல்ல. அவர்கள் வருடக்கணக்காகப் பயன்படுத்தி வந்த பழைய தோட்டாதான். அந்த 85 பேருக்குத் தண்டனை விதித்து, மே 9-ஆம் தேதி அணிவகுப்புத் திடலில் எல்லார் முன்னிலையிலும் விலங்கிட்டார்கள். மறுநாள் மீரட் பற்றி எரிந்தது. அதற்கு முந்தைய வருடம் கம்பெனி அவத் நாட்டை விழுங்கியதும், புதிதாகச் சேரும் சிப்பாய் கடல் கடந்தும் போகவேண்டும் என்ற ஆணையும் அவர்கள் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தன. கொழுப்பை ஒரு கெட்ட சமையல் குறிப்பாகச் சுருக்கிவிட்டால் அந்த மனிதர்களின் கோபத்தைச் சிறுமைப்படுத்துகிறோம்.

நம் பக்கத்திலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை 10. அங்கே தோலாலான குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை. நெற்றியில் குறி இட்டுக்கொண்டும் தாடியோடும் அணிவகுப்புக்கு வரக்கூடாது என்ற உத்தரவு. ஐம்பது வருடங்கள் கழித்தும் அதே செவிட்டுத்தனம்.

---

ஏட்டுப்பூச்சி எழுதியது:

தெற்குவாசல், ஏற்றுக்கொள்கிறேன். மீரட்டைச் சொல்லாமல் விட்டது என் தவறு. புரட்சி நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சிப்பாய் "இது என்ன?" என்று நேராகக் கேட்டபோது, "இது மெழுகும் எண்ணெயும், வா, நீயே வந்து உருக்கிப் பார்" என்று சொல்லக்கூடிய நிலையில் அந்த அரசு இல்லை. அதைத்தான் சொல்ல நினைத்தேன். வேலூரை நினைவூட்டியதற்கு நன்றி.

---

பழைய புரி எழுதியது:

வரலாற்றில் நான் குறுக்கிடவில்லை, ஆனால் துப்பாக்கிப் பக்கத்திலிருந்து ஒரு சான்று சேர்க்கிறேன். 1853-இல் எடுத்துக்கொண்ட குண்டின் குறுக்களவு 0.568 அங்குலம், குழல் 0.577. காகிதச் சுற்றும் சேர்ந்தால் இடைவெளி மிகச் சிறிது. இந்திய வெயிலில் காகிதத்தின் மசகு உருகிப் போனதும் மைனாவுக்கு நேர்ந்ததுதான் படைக்கும் நேர்ந்தது, குண்டு இறங்கவில்லை. அதனால்தான் 1859-இல் குண்டை 0.550-க்குக் குறைத்தார்கள். மசகு தோற்றதால் குண்டையே மாற்றவேண்டி வந்தது.

இன்னொன்று. விரியும் குண்டு என்ற எண்ணத்துக்கே தென்னிந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. மினியே குண்டைச் செய்த பிரெஞ்சு அதிகாரி மினியேவுக்குப் பல வருடங்கள் முன்பு ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி அடி குழிந்த குண்டு ஒன்றைச் செய்தார். அதன் மூலம் எது என்று அவரே சொல்லியிருக்கிறார்: தென்னிந்தியாவில் இருந்தபோது அங்குள்ளவர்களின் ஊதுகுழல் அம்பைப் பார்த்தாராம். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி. ஊதும்போது அந்த நெட்டி விரிந்து குழலின் உட்சுவரோடு ஒட்டி, காற்று வீணாகாமல் அடைத்துக்கொண்டது. ஈயத்தையும் இப்படி விரியவைக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அவருடைய குண்டைப் படை ஏற்கவில்லை. பிறகு மினியேவுக்கு 20,000 பவுண்டு கொடுத்தார்கள். அந்த ஊதுகுழலைச் செய்த கைக்குச் சொந்தக்காரர் யாரென்று யாரும் எழுதி வைக்கவில்லை. மைனா, உங்கள் அச்சில் அந்தக் குழிவைப் பார்க்கும்போது ஒரு நொடி அவரை நினையுங்கள்.

---

கொம்புத்தேன் எழுதியது:

தாமரை நெட்டி! நெட்டி எவ்வளவு இலேசு, எவ்வளவு அமுங்கி விரியும் என்று தெரிந்தவனுக்கு இது உடனே புரிகிறது. இன்று தூக்கம் வராது.

---

வர்ஜீனியா மைனா எழுதியது:

மூன்று வாரங்களாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதவேண்டும் என்று காத்திருந்தேன்.

முதல் கலவை: மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் இரண்டு பங்கு. வீட்டுக்குள் விரலுக்கு இதமாக இருந்தது. பூசிய பத்துக் குண்டுகளை அட்டைப்பெட்டியில் நிறுத்தி, காரின் பின்பெட்டியில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். மாலையில் திறந்தால் அட்டை முழுக்க எண்ணெய், குண்டுகள் குளித்துவிட்டு வந்த மாதிரி மொட்டையாக நின்றன. கொம்புத்தேன் ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

இரண்டாவது: மெழுகு ஐந்து பங்கு, தேங்காயெண்ணெய் மூன்று, விளக்கெண்ணெய் ஒன்று. பின்வாசல் கொட்டகையில் மின்னடுப்பில், வெந்நீருக்குள் தகரக் குவளை வைத்து உருக்கினேன். குண்டுகளைத் தட்டில் நிறுத்தி, மேல் வரிப்பள்ளம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஆறவிட்டேன். உறைந்ததும், குண்டின் அளவுக்குச் சற்றே பெரிய பித்தளைக் குழாயை மேலிருந்து அழுத்தி ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். மூன்று பள்ளங்களிலும் மஞ்சள் வளையல் போட்ட மாதிரி வந்தது. அடிக்குழிவில் புகுந்ததைத் தீக்குச்சியால் சுரண்டிவிட்டேன். கார்ப் பெட்டிச் சோதனையில் இலேசாக வியர்த்தது, ஓடவில்லை.

உருக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கொட்டகைக்கு வந்தார். துப்பாக்கி விஷயத்தில் அவர் இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மணத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வீணைக்கு மேளம் கட்டுகிற மெழுகு அல்லவா?" என்றார். சின்ன வயதில் தஞ்சாவூரில், வீணையின் பித்தளை மெட்டுகளைப் பதிப்பதற்கு மெழுகையும் கரித்தூளையும் சேர்த்து உருக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாராம். உருக்கும்போது பொறுமை வேண்டும், சூடு மீறினால் மெழுகு செத்துவிடும் என்று அந்த வீணைக்காரர் சொல்வாராம். அரைமணி நேரம் எனக்குப் பக்கத்தில் நின்று, குமிழி வரும்போதெல்லாம் "குறை, குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று திடலுக்குப் போனேன். முதலில் குழலில் இருந்த பழைய கிரீஸ் போக வெந்நீரால் இரண்டு முறை கழுவி, துடைத்து, உலர்த்தினேன். கஜக்கோலில் கோடு போட்டாகிவிட்டது. வெயில் நன்றாக இருந்தது. ஒன்பதாவது குண்டை வாயில் வைத்தபோது மனம் அடித்துக்கொண்டது. அழுத்தவே இல்லை, கோலை மேலே வைத்ததும் தானே இறங்கி, மருந்தின் மேல் உட்கார்ந்த சத்தம் கேட்டது. கோடு வாயோடு நின்றது. இடையில் ஒருமுறைகூடத் துடைக்காமல் இருபது குண்டுகள் சுட்டேன். இருபதாவதும் அப்படியே இறங்கியது. குழலின் வாயைச் சுற்றி ஈரமான கறுப்பு வளையம் ஒன்று இருந்தது, விரலால் தொட்டால் மை மாதிரி வழிந்து வந்தது, ஓடு இல்லை.

குறி இன்னும் இடப்பக்கம் விலகுகிறது. அது என் தோளின் தவறு, மசகின் தவறில்லை. பழைய புரி ஐயா, அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?

---

பழைய புரி எழுதியது:

தொடங்குங்கள் தம்பி. அதற்கு முன் இன்று இரவே குழலை வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதே மசகைத் துணியில் தொட்டு உள்ளே ஒரு இழுப்பு இழுத்து வையுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம், அந்தக் கசடு இரவிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.